யாருடைய எழுத்து?

சென்ற தை மாதம் என் சிநேகிதர் ஒருவர் தம் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் முறைப்படி வைத்து நீட்டினார். பத்திரிகை என்று பெயரே தவிர, அது ஒரு பெட்டி. பெட்டியின் மேல் தங்க நிறத்தில் ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"என்ன சார், நாகப் பிரதிஷ்டையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "மோனோகிராம் சார்! ஒன்று மாப்பிள்ளையின் எஸ். இன்னொன்று நம் குழந்தையின் ஜே. இப்போது எல்லாக் கல்யாணத்திலும் இது உண்டு. மண்டப வாசலில், மேடைக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலில், தாம்பூலப் பையில், எங்கே திரும்பினாலும் இதுதான் இருக்கும். பையில் மட்டும் அச்சு கிடையாது. ஐந்நூறு பையும் கையால் போட்ட எம்பிராய்டரி!" என்றார்.

கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாடு பிரமாதம். பெண்ணும் பிள்ளையும் மனத்துக்கு நிறைவான ஜோடி. ஆனால் எனக்குக் கோணல் புத்தி. அந்த இரண்டு எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் பட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். வந்த சூட்டில், எழுத்தைக் கண்டால் ஜரிகை கட்டி ஊர்கோலம் விடும் நம் மத்தியதர வர்க்கத்து ஜம்பத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? உரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. பத்து நாளில் கல்யாணப் பெண்ணிடமிருந்தே கடிதம் வந்தது.

"மாமா, நமஸ்காரம்" என்று ஆரம்பித்து, அந்தப் பெண் என்னை மூன்று கேள்விகளில் மடக்கியிருக்கிறாள். முதலாவது: வெறும் அலங்காரத்துக்கு ஏன் அர்த்தம் கற்பிக்கிறீர்கள்? வாசலில் போடும் கோலத்தைப் பார்த்து இதற்கென்ன அர்த்தம் என்று சண்டைக்குப் போவீர்களா? இரண்டாவது: அந்த எழுத்தைக் கடையில் வாங்கியதாக நினைத்து எழுதிவிட்டீர்களே, மூன்று இரவு உட்கார்ந்து அதை வரைந்தவள் நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமா? மூன்றாவது: உங்கள் புத்தகத்தின் அட்டையில் உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறீர்களே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

நல்ல கேள்விகள். வழவழவென்று சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், மன்னிப்பு. அவள் வரைந்தது எனக்குத் தெரியாது. ஒருத்தி தன் கல்யாணத்துக்குத் தன் கையால் ஓர் அடையாளத்தை வரைந்துகொண்டாள் என்றால் அதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை. எழுதியதை அந்த அளவில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் கேள்விக்கு மட்டும் நான் மசிய மாட்டேன். எழுத்து வெறும் அலங்காரமா? ஒருநாளும் இல்லை.

மோனோகிராம் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மோனோஸ்' என்றால் ஒன்று. 'கிரம்மா' என்றால் எழுத்து. இரண்டு மூன்று எழுத்துக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்றின் கோட்டை இன்னொன்றுக்குக் கடன் கொடுத்து, ஒரே உருவமாக ஆக்குவது. பெயரின் முதலெழுத்துக்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் அது மோனோகிராம் ஆகாது. அவை பிணைய வேண்டும். பழைய கிரேக்க நகரங்கள் தங்கள் நாணயத்தில் இப்படித்தான் பெயரைப் பொறித்தன. அக்காயா என்று ஒரு நகரக் கூட்டணி இருந்தது. அதன் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைப் பிணைத்துப் போட்ட வெள்ளிக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்தக் குறிக்கு அழகு உண்டுதான். அதனால் அது அழகுக்காக வந்தது என்று சொல்லிவிட முடியுமா? இந்தக் காசுக்கு நாங்கள் ஜவாப்தாரி என்று ஊர் கொடுத்த வாக்கு அது.

அலங்காரம்தானே என்பவர்களுக்கு எடின்பரோ நகரத்துத் தபால் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் அரசர் மாறினால் புதிய தபால் பெட்டிகளில் அவருடைய எழுத்தைப் பொறிப்பார்கள். 1952-இல் எலிஸபெத் பட்டத்துக்கு வந்தார். 'இரண்டாம் எலிஸபெத்' என்பதற்கான எழுத்துக்களோடும் எண்ணோடும் அந்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவின் இன்ச் என்ற பகுதியில் ஒரு பெட்டியைத் திறந்துவைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். முதலாம் எலிஸபெத் இங்கிலாந்தைத்தான் ஆண்டாள், எங்கள் நாட்டை ஆளவில்லை; எங்களுக்கு முதலாவதே இல்லாதபோது இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பெட்டியின் மேல் தாரைப் பூசினார்கள், சுத்தியலால் அடித்தார்கள், கடைசியில் 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஸ்காட்லாந்தில் வைத்த புதிய பெட்டிகளில் அரசியின் எழுத்தே இல்லை. ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும்தான். வெடி வைத்தது சரி என்று நான் சொல்லவில்லை. இரும்புப் பெட்டியில் இருந்த ஒரு சின்ன அலங்காரம், "இது யாருடையது?" என்ற கேள்வியை ஒரு தேசத்தின் முன் நிறுத்திவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே, எழுத்தைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது யாருடைய எழுத்து? உழைத்த கையின் எழுத்தா, உடைமை கொண்டாடுகிறவனின் எழுத்தா?

உழைத்தவனின் எழுத்துக்கு ஒரே ஓர் ஆளைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்தில் 1471-இல் பிறந்தவர் ஆல்பிரெக்ட் ட்யூரர். பொற்கொல்லர் மகன். மரத்தில் செதுக்கியும் செப்புத் தகட்டில் கீறியும் சித்திரங்களை அச்சடித்து விற்றவர். அகலக் கால் வைத்து நிற்கும் ஓர் 'ஏ'. அதன் கால்களுக்கு நடுவே, தாயின் மடியில் குழந்தை மாதிரி ஒரு 'டி'. இதுதான் அவருடைய குறி. அவருடைய அச்சுச் சித்திரங்களில் ஒரு மூலையில், சில சமயம் தரையில் கிடக்கும் பலகையில், அந்தக் குறி இருக்கும்.

அச்சுச் சித்திரம் ஊர் ஊராகப் போகும் சரக்கு. ட்யூரரின் சித்திரங்களை இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமோண்டி என்ற கைதேர்ந்த கலைஞர் வரிக்கு வரி நகல் எடுத்தார்; அந்த 'ஏ-டி' குறியையும் சேர்த்தே எடுத்தார். ட்யூரர் வெனிஸ் நகர ஆட்சியினரிடம் முறையிட்டார் என்றும், நகல் எடுப்பவர் ட்யூரரின் பெயர்க்குறியைப் போடக்கூடாது என்ற அளவுக்குத்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது என்றும் வசாரி எழுதி வைத்திருக்கிறார். 1512-இல் அவருடைய சொந்த ஊரிலும் இதே தீர்ப்புத்தான். ட்யூரரின் குறியைப் போலியாகப் போட்டுச் சித்திரம் விற்ற ஓர் அயலூர்க்காரனுக்கு நியூரம்பர்க் நகர சபை உத்தரவு போட்டது: குறிகளை நீக்கிவிடு, இல்லாவிட்டால் சரக்கைப் பறிமுதல் செய்வோம்.

இந்தத் தீர்ப்பின் சூட்சுமத்தைப் பாருங்கள். சித்திரத்தை நகல் எடுக்காதே என்று அவர்கள் சொல்லவில்லை. அவன் எழுத்தைத் தொடாதே என்றார்கள். உருவத்தை எவன் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம். ஆனால் 'இதற்கு நான் பொறுப்பு' என்ற வாக்கை ஒருவனுக்காக இன்னொருவன் கொடுக்க முடியாது. என் புத்தக அட்டையில் கொட்டை எழுத்து ஏன் என்று கேட்டாயே குழந்தாய், உன் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதுதான். அது பெருமைக்குப் போட்டதாகவே இருக்கட்டும். புத்தகம் மோசமாயிருந்தால் கல்லெறிவதற்கும் அதுதான் விலாசம்.

இனி உடைமைக்காரர்களின் எழுத்துக்கு வருவோம்.

சார்லமேன் என்ற பேரரசர் 814 வரை ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்டவர். அவருடைய சாசனங்களில் ஒரு மோனோகிராம் இருக்கும். அவர் பெயரின் மெய்யெழுத்துக்கள் சிலுவையின் நான்கு முனைகளிலும், உயிரெழுத்துக்கள் நடுவிலுள்ள கட்டத்திலுமாக அமைந்த மிக நேர்த்தியான உருவம். அந்த நேர்த்தி அவருடையது அன்று. அதை வரைந்தவர் எழுத்தர். நடுக் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கீற்றை இழுத்து முடிப்பது மட்டும்தான் அரசரின் வேலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அவருக்கு எழுதக் கைவரவில்லை. தலையணைக்கு அடியில் எழுதுபலகையை வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுதிப் பழகினார், காலம் கடந்து தொடங்கியதால் பலிக்கவில்லை என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய ஐன்ஹார்ட் சொல்கிறார். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. வயதான காலத்தில் எழுதப் பழகிய அரசரிடம் எனக்கு மரியாதையே உண்டு. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்துத் தெரியாத கை ஒரு கீறல் போட்டது, அது சாசனம் ஆயிற்று. வரைந்த எழுத்தரின் கையை யாரும் கேட்கவில்லை.

அரசர் தம் எழுத்தோடு இன்னொருவர் எழுத்தைப் பிணைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1533-இல் ஆன் போலினை மணந்தார். ஹென்றியின் 'எச்'சும் ஆனின் 'ஏ'யும் பிணைந்து அரண்மனைகளின் மரவேலையிலும் கல்வேலையிலும் இடம்பெற்றன. மூன்றே ஆண்டு. 1536 மே 19-ஆம் தேதி அவள் தலையை வெட்டினார்கள். பதினோரு நாளில் ஹென்றி அடுத்த கல்யாணம் செய்துகொண்டார். தச்சர்களுக்கும் சிற்பிகளுக்கும் வேலை வந்தது: 'ஏ'யைச் சுரண்டி எடு, புதிய அரசியின் எழுத்தை வை! எல்லா இடத்திலும் அவர்களால் எடுக்க முடியவில்லை. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்து மரத் தடுப்பிலும், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைப் பெருங்கூடத்திலும் தப்பிப்போன சில எழுத்துக்களை இன்றும் காணலாம். ஹென்றியின் எழுத்துக்கு ஆபத்தே இல்லை. அது இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்து எழுத்துத்தான் மாறியது.

எங்கோ ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் வீட்டிலும் பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து யாருடையது? பிறந்தது முதல் அப்பாவின் எழுத்து. கல்யாணமான மறுநாள் பலருக்கு அது கணவன் எழுத்தாக மாறிவிடுகிறது. வங்கிக் கணக்கில், ரேஷன் அட்டையில், பத்திரத்தில். அந்த எழுத்தைச் சேர்ப்பதும் எடுப்பதும் அவள் விருப்பப்படி நடந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எத்தனை வீட்டில் அவளைக் கேட்கிறார்கள்? பிறர் கொடுக்கும் எழுத்தைப் பிறர் எடுத்துவிடவும் முடியும். ஆன் போலின் கதையில் எனக்கு உறைப்பது இதுதான். இன்று சிலர் அம்மாவின் எழுத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அரசர்களை விடுவோம். மோனோகிராம் வீட்டுக்குள் வந்த வழி வேறு. அது சலவைத் துறை வழியாக வந்தது.

நம் ஊரில் சலவைத் தொழிலாளி சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் போடும் குறியை அறியாதவர் உண்டா? இரண்டு புள்ளி, ஒரு கோடு. துணி கிழிந்தாலும் குறி அழியாது. ஊர்த்துணி எல்லாம் ஒன்றாக வெளுத்தாலும், அந்தப் புள்ளியைப் பார்த்து அவர் வீடு தவறாமல் கொண்டுவந்து கொடுப்பார். ஐரோப்பாவிலும் அதே தேவைதான். வசதியான வீடுகளில் வருஷத்துக்குச் சில தடவை மட்டுமே மொத்த வெளுப்பு. துப்பட்டி, மேஜை விரிப்பு, துவாலை எல்லாம் மலையாகக் குவியும். எது யாருடையது, எத்தனையாவது உருப்படி என்று தெரிய ஓரத்தில் எழுத்தும் எண்ணும் தைத்தார்கள். பெரும்பாலும் சாயம் போகாத சிவப்பு நூலால். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் துணியில் அவள் எழுத்தையும் அவனுடையதையும் பிணைத்துத் தைப்பது பின்னால் பெருமையாயிற்று. அதற்கென்று மாதிரிப் புத்தகங்கள் வெளிவந்து வீடு வீடாகப் போயின.

தைத்தது யார்? அங்கேதான் என் வழக்கு இருக்கிறது.

பெண் குழந்தைகளுக்கு அங்கே எழுத்து பெரும்பாலும் ஊசி வழியாகத்தான் வந்தது. ஒரு துண்டுத் துணியில் அகர வரிசை முழுவதையும் தைத்துக் காட்ட வேண்டும். நாளைக்குப் பிறர் வீட்டுத் துணியில் பிறர் எழுத்தைத் தைக்கும் வேலைக்கு அது நற்சாட்சிப் பத்திரம். பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை விடுதிப் பெண்கள் தைத்த அத்தகைய துணிகள் இன்று அரும்பொருளாகப் போற்றப்படுகின்றன. வெள்ளைத் துணி, சிவப்பு நூல், பொடிப் பொடியாக, விதவிதமான வடிவில் எழுத்துக்கள், வரிசை வரிசையாக. தாயும் தகப்பனும் இல்லாத பெண், யார் யாருக்கோ வேண்டிய எழுத்துக்களையெல்லாம் தைத்துக் கற்றுக்கொண்டு வீட்டு வேலைக்குப் போனாள்.

அப்படிப் பழகிய ஒரு பெண் அந்த ஊசியைத் திருப்பிப் பிடித்த கதை ஒன்று உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு துணி இருக்கிறது. எலிஸபெத் பார்க்கர், 1813-இல் பிறந்தவள், ஸஸெக்ஸ் கிராமத்துக்காரி, வீட்டு வேலைக்காரப் பெண். 1830-ஐ ஒட்டி அதைத் தைத்திருக்கிறாள். பூவோ பறவையோ அகர வரிசையோ அதில் இல்லை. தனக்கு எழுதத் தெரியாது என்று தொடங்கி, தான் வேலை செய்த வீட்டில் பட்ட கொடுமையையும், உயிரை விட்டுவிடத் துணிந்ததையும், அதற்காக மனம் நடுங்குவதையும், முற்றுப்புள்ளியின்றிச் சிவப்புப் பட்டு நூலால் குறுக்குத் தையலில் வரி வரியாகத் தைத்துக்கொண்டே போகிறாள். ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. மீதித் துணி வெறுமையாக இருக்கிறது. அந்தப் பெண் உயிரை விடவில்லை. பின்னால் தன் ஊர்ப் பள்ளியில் குழந்தைகளுக்குக் கற்பித்து நெடுநாள் வாழ்ந்தாள் என்று அறியும்போதுதான் நமக்கு மூச்சு வருகிறது.

பிறர் பெயரைத் தைப்பதற்காகக் கொடுத்த ஊசியால் அவள் தன்னைத் தைத்துக்கொண்டாள். எழுதுகிறவன் என்ற முறையில், அந்தத் துணியின் முன்னால் என் புத்தகங்களை எல்லாம் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றே தோன்றுகிறது.

இதெல்லாம் சீமைக் கதை என்று சொல்லிவிடாதே குழந்தாய். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வந்ததற்குக் காரணம் சீமையில் இல்லை, நாகர்கோவிலில் இருக்கிறது.

1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்ற அம்மையார் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து அந்தப் பக்கத்தில் லேஸும் எம்பிராய்டரியும் பெண்களின் பிழைப்பாயிற்று. என் சித்தி அந்த ஊர்க்காரி. சித்தப்பா சீக்கிரம் போய்விட்டார். ஒரு வியாபாரியின் ஆள் வாரா வாரம் துணிக்கட்டைக் கொண்டுவந்து போடுவான். துளையிட்ட காகிதத்தைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தால் ஒற்றினால் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். சித்தி அதன்மேல் அடிநூல் கொடுத்து, இழைக்கு இழை இடைவெளி தெரியாமல் நிரப்புவாள். தொட்டுப் பார்த்தால் எழுத்து துணியிலிருந்து எழுந்து நிற்கும். வெளிநாட்டார் மேஜைகளுக்குப் போகும் கைத்துணிகள் அவை.

பள்ளி விடுமுறையில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். "இது என்ன எழுத்து சித்தி?" என்று கேட்டால் சிரிப்பாள்.

"எனக்கு என்ன தெரியும் மக்களே? இது கொக்கி, இது ஏணி, இது வயித்துப்பிள்ளைக்காரி" என்பாள். கொக்கி 'ஜே', ஏணி 'எச்', வயித்துப்பிள்ளைக்காரி 'டி'. இருபத்தாறு எழுத்துக்கும் அவளிடம் பெயர் உண்டு. வாசிக்கத்தான் தெரியாது. தமிழும் தெரியாது.

வயதான காலத்தில் ஓர் உதவித் தொகைக்காக அவளை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "கையெழுத்துத் தெரியாதா? ரேகை வை பாட்டி" என்று மைத் தட்டைத் தள்ளினார். சித்தி கட்டை விரலை நீட்டினாள். ரேகை விழவில்லை. துணியை இடுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. மூன்று தடவை வைத்தும் மைத் தீற்றல்தான் விழுந்தது. "என்ன கை இது!" என்று சலித்துக்கொண்டார் குமாஸ்தா.

என்ன கை அது என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்குச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான எழுத்துக்களைப் பிசகில்லாமல் எழுதிய கை அது. ஒரு கீற்றை இழுத்த கை பேரரசரின் கையாக இருந்ததால் அது சாசனமாயிற்று. அத்தனை எழுத்தையும் முழுக்க எழுதிய கைக்குத் தன் எழுத்து ஒன்றுகூட இல்லை. கடைசியில் ரேகையும் இல்லை. எழுத்து அலங்காரத்தைக் கண்டால் எனக்கு ஏன் எரிகிறது என்று இப்போது புரிகிறதா?

இன்றைய நாகரிகம் இதில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1896-இல் பாரிஸில் ஜார்ஜ் வுய்ட்டோன், காலமான தம் தகப்பனார் லூயியின் பெயரெழுத்துக்கள் இரண்டையும் பிணைத்து, பூக்களுக்கு நடுவே பதித்து, பெட்டித் துணிக்கு ஒரு கோலம் உண்டாக்கினார். போலிச் சரக்கைத் தடுப்பது அவர் நோக்கம். தொழில்காரனுக்கு அது நியாயமான நோக்கம்தான். ட்யூரரின் நோக்கமும் அதுவே. ஆனால் இன்று கடைத்தெருவில் பாருங்கள். அந்த எழுத்து உள்ள பையைத் தோளில் மாட்டிக்கொள்ளத் தவம் கிடக்கிறார்கள். அசலுக்குப் பணமில்லாதவர்கள் போலியை வாங்கியாவது மாட்டிக்கொள்கிறார்கள். தன் பெயரை அடுத்தவன் சரக்கில் எழுதுவது அந்தக் காலத்துத் திருட்டு. அடுத்தவன் பெயரைத் தன் உடம்பில் சுமந்துகொண்டு அதைத் தன் அந்தஸ்து என்று நம்புவது இந்தக் காலத்துப் பெருமை.

இதோடு ஒப்பிட்டால் உன் கல்யாண எழுத்து எவ்வளவோ மேல். அது உன் பெயர், உன் கோடு. அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனாலும் என்னிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தத் தாம்பூலப் பை இப்போது என் மேஜைமேல்தான் கிடக்கிறது. திருப்பிப் பார்த்தேன். நூல் முடிச்சுக்கள் ஒழுங்காக உள்ளே ஒடுங்கியிருக்கின்றன. நல்ல கைவேலை. ஐந்நூறு பையில் உன் எழுத்தைத் தைத்தவர்கள் யார்? அவர்கள் பெயர் உனக்குத் தெரியுமா? ஒரு பைக்கு என்ன கூலி என்று உன் தகப்பனார் கேட்டாரா, மொத்தப் பைக்கு என்ன விலை என்று மட்டும் கேட்டாரா?

கோலத்தைச் சொன்னாயே, அது உன் கட்சிக்கு உதவாது. கோலத்துக்கு மோனோகிராம் தேவையில்லை. விடியற்காலையில் குனிந்து புள்ளி வைத்தது யார் என்று தெருவுக்கே தெரியும். "இன்றைக்கு மருமகள் கோலம்" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். போட்ட கை தெரிகிற அலங்காரம் அது. உன் தாம்பூலப் பையில் எழுத்து தெரிகிறது, கை தெரியவில்லை.

இதற்காக எழுத்து அலங்காரத்தையே விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். உன் வீட்டுத் தலையணை உறையில் உங்கள் இரண்டு பேர் எழுத்தும் தாராளமாகப் பிணைந்து கிடக்கட்டும். இரண்டு காரியம் மட்டும் செய்யலாம். உன் பெயருக்கு முன்னால் எந்த எழுத்து நிற்க வேண்டும் என்பதை மாப்பிள்ளையோ மாமனாரோ என்னைப் போன்ற கட்டுரைக்காரனோ தீர்மானிக்க விடாதே, நீயே தீர்மானித்துக்கொள். இரண்டாவது, இனிமேல் கைவேலைத் துணி வாங்கினால் தைத்தவளின் பெயரைக் கேள். அந்த மூலையில், சித்திரத்தின் ஓரத்தில் ட்யூரர் போட்டுக்கொண்டாரே, அந்த மாதிரிக் கடுகளவில், அவள் எழுத்தையும் ஒன்று போட்டுத் தரச் சொல். எழுதத் தெரியாதவளாக இருந்தால் ஒரு கொக்கியோ ஏணியோ போடட்டும். அதற்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடு.

சித்தி தைத்ததில் ஒரே ஒரு கைக்குட்டை என்னிடம் இருக்கிறது. கழித்துப் போட்ட உருப்படி என்று அவள் கொடுத்தது. அதில் ஒரு கொக்கி இருக்கிறது. யாருடைய கொக்கி என்று எனக்குத் தெரியாது. அந்த வெளிநாட்டுக்காரர் யாராயிருந்தால் எனக்கென்ன? என் வரையில் அது சித்தியின் எழுத்து.